இது எந்தக் குதிரை?

பழுப்பு நிறம், நெற்றியில் சுட்டி கிடையாது, நாலு காலிலும் ஒரு துளி வெள்ளை கிடையாது. அப்படி ரெண்டு குதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டிவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒன்றை மட்டும் கூட்டிவந்து இது எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் திணறிப்போவார்கள். நானும் திணறியிருக்கிறேன், அதுவும் தினமும் பார்த்துப் பழகிய குதிரைகளை வைத்துக்கொண்டு.

பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு லாயத்தில் சில வருடங்கள் எழுத்து வேலை பார்த்தேன். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பாஸ்போர்ட் புத்தகம் உண்டு. அதில் தடுப்பூசி விவரம் விடாமல் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் பந்தயத் திடலில் உள்ளே விட மாட்டார்கள். ஒரு நாள் காலை கால்நடை மருத்துவர் வரிசையாக இன்ஃப்ளூயன்ஸா ஊசி போட்டுக்கொண்டே போக, நான் பின்னாலேயே புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போய் கதவில் மாட்டியிருந்த பெயரைப் பார்த்துப் பக்கத்தைத் திறந்து திறந்து நீட்டினேன். ஒன்பதாவது கதவில் அவர் நின்றுவிட்டார். புத்தகத்தில் இருக்கும் படத்தையும் குதிரையின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் புத்தகம் இந்தக் குதிரையோடது இல்லையே" என்றார்.

முதல் நாள் மாலை தண்ணீர்க் குழாய் வேலைக்காக நாலைந்து குதிரைகளை இடம் மாற்றியிருக்கிறார்கள், பெயர்ப்பலகையை மாற்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்கு முந்தைய கதவிலும் இதே மாற்றம் நடந்திருந்தது, அந்த ஊசி ஏற்கெனவே வேறு குதிரையின் புத்தகத்தில் ஏறிவிட்டது. அதைத் திருத்திக் கையெழுத்து வாங்கி முடிக்க அன்று பொழுது சாய்ந்துவிட்டது. எனக்கு உறுத்தியது அது இல்லை. எட்டுக் கதவு வரைக்கும் நான் ஒரு குதிரையைக்கூடப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தேன், குதிரைமேல் போர்த்தியிருந்த போர்வையின் நிறத்தைப் பார்த்தேன், எந்தக் குதிரைக்காரர் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்தேன். குதிரை என் கண்ணில் படவே இல்லை.

அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. பந்தயத்தில் குதிரை மாறிப்போன கதைகளை, வேண்டுமென்றே மாற்றியதும் சரி, தெரியாமல் மாறியதும் சரி, கிடைத்த இடத்தில் எல்லாம் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நாம் குதிரையைச் சுற்றி இருப்பதைப் பார்த்துவிட்டுக் குதிரையைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்த மருத்துவர் அன்றைக்கு வேலை முடிந்ததும் என்னைத் திட்டவில்லை. "வாங்க, ஒரு குதிரையை நீங்களே எழுதிப் பாருங்க" என்று ஒரு வெற்றுப் படத்தாளைக் கொடுத்தார். குதிரையின் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், கழுத்தின் அடிப்பக்கம், முன்னங்கால்கள், பின்னங்கால்கள், மூக்கு நுனி என்று வெறும் கோட்டுருவமாக அச்சடித்த தாள். வெள்ளை எங்கே இருந்தாலும் சிவப்பு மையில் ஓரம் வரைய வேண்டும். சுழியைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாகப் போட வேண்டும். எதிரே நின்றதோ உச்சி முதல் குளம்பு வரை வெள்ளையே இல்லாத பெட்டைக் குதிரை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"நெற்றி முடியை ஒதுக்கிட்டு விரலால தடவுங்க. கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்றார். தடவினேன். முடி ஒரு திசையில் படிந்துகொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென்று திரும்பி வட்டமாகச் சுற்றியது. ஒரு சுழி. அதற்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம் ஒதுங்கி இன்னொன்று. ரெண்டு கண்களையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் முதல் சுழி அதற்கு மேலே, இரண்டாவது ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே. பிடரி மயிரைத் தூக்கிப் பார்த்தால் கழுத்தின் மேல்விளிம்பில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒன்று. தொண்டைக்குழியில் நீளமாக, இறகு மாதிரி விரிந்த ஒன்று. அதற்குப் பெருக்கல் குறியிலிருந்து முடி போகும் திசையில் ஒரு கோடும் இழுக்க வேண்டுமாம். குதிரை என் தோளில் சூடாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அரை மணி நேரம் ஆனது. முடித்ததும் பக்கத்து அறைக் குதிரையைப் போய்ப் பார்த்தேன், அன்று காலை எனக்கு அச்சு அசல் இதே மாதிரி இருந்த அதே குதிரை. நெற்றியில் ஒரே ஒரு சுழி, நட்ட நடுவில். எப்படி இந்த ரெண்டையும் ஒன்று என்று நினைத்தேன்?

சுழி பிறவியிலேயே வருவது, வயதானாலும் இடம் மாறாது. நிறத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்லும் பலவும் பிறக்கும்போது கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்தவை, ஒரு மரபணு மாற்றத்தால் வருடா வருடம் நரைத்துக்கொண்டே போய் வெளுத்துவிடுகின்றன. ரெண்டு வயதில் எடுத்த படத்தையும் ஏழு வயதுப் படத்தையும் வைத்துப் பார்த்தால் ஒரே குதிரை என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சுழிகளை வைத்துப் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள். இது போக, கால்களின் உட்பக்கம், முன்னங்காலில் முட்டிக்கு மேலேயும் பின்னங்காலில் மூட்டுக்குக் கீழேயும், கொம்பு மாதிரி ஒரு காய்ப்பு இருக்கும். அதன் வடிவம் குதிரைக்குக் குதிரை வேறு. வெள்ளையும் இல்லை, சுழியும் குறைவு என்றால் அந்தக் காய்ப்பின் ஓரத்தையும் வரைந்து வைப்பார்கள். அமெரிக்காவில் அதைப் புகைப்படமாகவே எடுத்து வைத்திருக்கிறார்கள், நம் கைரேகை மாதிரி.

சரி, பல்லுக்கு வருகிறேன். குதிரைக்கு வயது பார்ப்பது பல்லில்தான். நடுவில் இருக்கும் முன்பல் ஜோடி ஏறத்தாழ ரெண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் முளைக்கும், அதை ஒட்டிய ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். பந்தயத்தில் வயது ரொம்ப முக்கியம். ரெண்டு வயதுக் குதிரைகளோடு மூன்று வயதுக் குதிரையை ஓட விட்டால் அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பத்தாம் வகுப்புப் பையன் ஓடுகிற மாதிரி. அதனால்தான் பழைய மோசடிகளில் பலவும் வயதை வைத்து நடந்தவை.

1844-ல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் நடந்தது இதுதான். மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம். முதலில் வந்தது ரன்னிங் ரெய்ன். அது ரன்னிங் ரெய்னே இல்லை, மக்காபியஸ் என்ற நாலு வயதுக் குதிரை. இதில் என்னை உலுக்குவது ஏமாற்றியது இல்லை, முந்தின வருடத்திலிருந்தே சந்தேகம் இருந்தது என்பதுதான். பந்தயத்துக்கு முன்பே, வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நடுவர்கள் பார்க்கவில்லை. ஓடட்டும், ஜெயித்தால் அப்புறம் விசாரிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஜெயித்தது. லார்ட் ஜார்ஜ் பென்டிங்க் என்ற பிரபு விடாமல் துருவித் துருவி ஆதாரம் சேர்த்தார், வழக்கு நீதிமன்றம் போனது. நீதிபதி ஆல்டர்சன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: குதிரையைக் கொண்டுவாருங்கள், நான் பார்க்க வேண்டும். கொண்டுவரவில்லை. குதிரையைக் காணோம். வழக்கு அத்தோடு முடிந்து, ரெண்டாவதாக வந்த ஆர்லாண்டோ வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதே பந்தயத்தில் கால் ஒடிந்து சுட்டுக் கொல்லப்பட்ட லியாண்டர் என்ற குதிரையின் தாடையைப் பார்த்தால் அதுவும் நாலு வயது! ஒரே டெர்பியில் ரெண்டு. பந்தயத்துக்கு முன்னால் ஒருவர் ஒரு உதட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. சாட்சிகள், சத்தியங்கள், பிறப்புப் பதிவுகள் எல்லாம் அவர்கள் முன்னால் குவிந்து கிடந்தன, குதிரையும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.

நீதிபதி கேட்ட அந்தக் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இந்தத் துறையில் அதைவிடச் சரியான கேள்வி கிடையாது.

அப்புறம் சாயக்காரர்கள் காலம். 1931-ல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ஹேவர் டி கிரேஸ் திடலில் ஷெம் என்ற பெயரில் ஒரு குதிரை ஓடி, பணம் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு ஐம்பத்திரண்டு என்ற கணக்கில் ஜெயித்தது. உண்மையில் ஓடியது அக்நாதன் என்ற குதிரை. செய்தவர் பேரி என்பவர், குதிரைக்கு மருதாணிச் சாயம் பூசி ஆளையே மாற்றிவிடுவதில் கைதேர்ந்தவர். மழையில் நனைந்தாலும் கரையாத சாயம். கடைசியில் பிங்கர்ட்டன் துப்பறிவாளர்கள் அவரைப் பிடித்து நாடு கடத்த வைத்தார்கள்.

இந்த மாதிரி ஆட்களைச் சமாளிக்கத்தான் மேலுதட்டின் உட்பக்கம் பச்சை குத்தும் வழக்கம் வந்தது. 1946-ல் அங்கே பந்தயத் திடல்கள் சேர்ந்து ஒரு பாதுகாப்பு அமைப்பை ஆரம்பித்தன, அடுத்த வருடமே உதட்டில் எண் குத்த ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் ஓர் எழுத்து, அது பிறந்த வருடத்தைச் சொல்லும்; பின்னால் எண்கள். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து, ஆக இருபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்ப வரும். அதனால் குழப்பம் கிடையாது, இருபத்தாறு வயது வித்தியாசத்தைத் தெரியாத ஆள் திடலுக்குள் வேலை பார்க்க மாட்டான். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தும் பேடாக்கில் அடையாளம் பார்க்கவென்றே ஓர் அதிகாரி இருப்பார். ஒவ்வொரு குதிரையாக வரும்போது உதட்டை மேலே மடித்து எண்ணைப் படிப்பார், கையிலிருக்கும் அட்டையில் நிறம், சுட்டி, சுழி, காய்ப்பு எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டுவார். குதிரை சும்மா நிற்காது, தலையை உதறும், எச்சில் தெறிக்கும், நாளாக ஆக மை கசிந்து எட்டு எது மூன்று எது என்று தெரியாது. இருந்தாலும் அந்த முறையில் எனக்குப் பிடித்தது, எண்ணைப் படிக்க வேண்டும் என்றால் அந்த ஆள் குதிரையைத் தொட்டே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் உதட்டுக்குப் பதில் தோளில் முத்திரை. ஒரு தோளில் வளர்த்தவரின் குறி, இன்னொரு தோளில் மேலே குட்டியின் வரிசை எண், கீழே பிறந்த வருடத்தின் கடைசி எண். தூரத்திலிருந்தே படிக்கலாம்.

எண் இருந்தும் ஏமாந்திருக்கிறார்கள். 1977 செப்டம்பரில் நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் லெபோன் என்ற குதிரை, ஒன்றுக்கு ஐம்பத்தேழு என்று யாருமே சீண்டாத குதிரை, சுலபமாக ஜெயித்தது. உருகுவே நாட்டிலிருந்து ரெண்டு குதிரைகளை இறக்குமதி செய்தவர் ஒரு கால்நடை மருத்துவர், செக்ரட்டேரியட் போன்ற பெரிய குதிரைகளுக்கே வைத்தியம் பார்த்த ஆள். ரெண்டில் ஒன்று சுமாரான லெபோன், இன்னொன்று அந்த நாட்டின் சாம்பியன் சின்சானோ. வந்த கொஞ்ச நாளில் சின்சானோ விபத்தில் செத்துவிட்டது என்று சொல்லி காப்பீட்டுப் பணம் வாங்கினார்கள். செத்தது லெபோன். சின்சானோ அதன் பெயரில் ஓடியது. இறக்குமதியின்போதே காகிதம் மாறிவிட்டதால் அதற்குப் பின்னால் செய்த எல்லாச் சரிபார்ப்பும் அந்தப் பொய்க் காகிதத்தோடு ஒத்துப்போனது, ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது எந்த எண்ணும் இல்லை. வென்ற குதிரையின் புகைப்படத்தை உருகுவேயில் பார்த்த ஒரு பந்தயப் பத்திரிகையாளர், இது சின்சானோ ஆச்சே என்றார். எத்தனையோ முறை அந்தக் குதிரை ஓடிப் பார்த்தவர், முகம் தெரிந்திருந்தது.

அதே மாதிரிதான் 1982-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் திடலில் ரெண்டு வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் ஃப்ளாக்டன் கிரே என்ற பெயரில் ஓடிய குதிரை இருபது குதிரை நீளத்தில் ஜெயித்தது. அது குட் ஹேண்ட் என்ற மூன்று வயதுக் குதிரை என்பதைக் காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று, பந்தயப் படத்தில் முன்னங்காலில் தெரிந்த பழைய தழும்பு. ரெண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஃபைன் காட்டன் என்ற குதிரையின் பெயரில் வேறொன்றை ஓட்டிய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மாற்றுக்கு வாங்கி வைத்த குதிரை காயப்பட்டுவிட, அவசரத்துக்கு நிறமே பொருந்தாத போல்டு பெர்சனாலிட்டியைப் பிடித்துத் தலைமுடிச் சாயம் அடித்து, காலில் வெள்ளைப் பெயின்ட் பூசி ஓட்டினார்கள். மூச்சு முட்டுகிற வித்தியாசத்தில் ஜெயித்தது. பெயின்ட் ஒழுக ஆரம்பித்தது, கூட்டத்தில் இருந்தவர்களே மாற்றுக் குதிரை என்று கத்தினார்கள், தகுதிநீக்கம் செய்தார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்தே தெரிந்த ஒன்று பேடாக்கில் நின்றவர்களுக்கு முதலில் தெரியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு என் ஒன்பதாவது கதவு ஞாபகம் வரும்.

இப்போது சிப் வந்துவிட்டது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1999-லிருந்தே பந்தயக் குட்டிகளுக்குப் போடுகிறார்கள், வட அமெரிக்காவில் 2017-லிருந்து பிறந்த குட்டிகளுக்குக் கட்டாயம். அரிசி மணி அளவு கண்ணாடிக் குப்பி, உள்ளே மின்கலம் எதுவும் இல்லை. கழுத்தின் இடப்பக்கம், உச்சந்தலைக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில், பிடரி மயிருக்குக் கொஞ்சம் கீழே ஊசியால் செலுத்துவார்கள். அங்கே தடித்த தசைநார் இருப்பதால் சிப் சறுக்கி வேறு எங்கும் போகாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் அதன் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு பதினைந்து இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். போடுவதற்கு முன்னால் கழுத்து முழுக்க ஒருமுறை ஸ்கேன் செய்து ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு குதிரைக்கு ரெண்டு எண் வந்துவிட்டால் அதைவிடத் தலைவலி வேறு இல்லை. சில வகைச் சிப்கள் உடம்புச் சூட்டையும் சேர்த்துச் சொல்லும், காய்ச்சல் பார்க்க வசதி.

சிப் போடும்போதே பிடரி மயிரை வேரோடு கொஞ்சம் பிடுங்கி உறையில் போட்டு அனுப்புவார்கள், மரபணுச் சோதனைக்கு. தாய்க்கும் தந்தைக்கும் பொருந்தினால்தான் அந்தக் குட்டி பதிவேட்டில் ஏறும். முன்பு இதற்கு ரத்த வகை பார்த்தார்கள், அதில் தப்பிக்க இடம் இருந்தது, இதில் கிட்டத்தட்ட இல்லை. லெபோன் மாதிரி காகிதத்தையே மாற்றும் வேலையை இந்த முடிவேர்தான் அடைத்துவிட்டது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். சாயக்காரர் பேரி இன்று இருந்தால் வேறு வேலைதான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஏமாற்றை அடைத்துவிட்டோமே தவிர, தவறை அடைக்கவில்லை. 2017 ஜூலை 27, இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத். ரெண்டு வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் மாண்டரின் பிரின்செஸ் என்ற குட்டி, ஒன்றுக்கு ஐம்பது, முதலில் வந்தது. பந்தயத்துக்குப் பிறகு சோதனைக்கு மாதிரி எடுக்கக் கூட்டிப்போய் சிப்பைப் படித்தால் அது மில்லீஸ் கிஸ். அதே பயிற்சியாளரின் மூன்று வயதுக் குதிரை, அன்றைக்கே பின்னால் வேறு பந்தயத்தில் ஓட வேண்டியது. இதில் சதி எதுவும் இல்லை. காலையில் திடலுக்கு வந்து இறங்கியபோது ரெண்டு குதிரைகளையும் ஸ்கேன் செய்தார்கள், ரெண்டும் சரியாகவே இருந்தன. அப்புறம் லாயத்திலிருந்து சேணம் பூட்டக் கூட்டிவரும்போது தவறான குதிரை வெளியே வந்துவிட்டது. பயிற்சியாளர் சரி, ஜாக்கி சரி, சேணத் துணியில் எண் சரி, குதிரை மட்டும் வேறு. முடிவு அறிவித்தாகிவிட்டதால் அன்றைக்கு அதை மாற்றவும் முடியவில்லை, பணம் கட்டியவர்களுக்கு அந்த முடிவின்படியே பட்டுவாடா ஆனது. பிறகுதான் தகுதிநீக்கமும் பயிற்சியாளருக்கு 1,500 பவுண்டு அபராதமும்.

அந்தப் பயிற்சியாளரை எத்தனையோ பேர் கேலி செய்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சிறிய லாயம், கைக்கு ஆள் போதாத நாள், நேரம் ஓடிக்கொண்டிருக்கும், ஜாக்கியிடமிருந்து சேணம் வந்து சேர வேண்டும், ஓட வேண்டியது எது என்ற சந்தேகம் மனதில் எழுந்தால்தானே பார்ப்பார்கள்? காலையில் ஸ்கேனர் சரி என்று சொல்லிவிட்டது. சரிபார்ப்பு முடிந்துவிட்டது என்ற நிம்மதியே அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எல்லோருடைய கண்ணையும் கட்டிவிடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது, கதவில் பெயர் இருந்ததால்.

அதற்குப் பிறகு பிரிட்டனில், குதிரை லாயத்தை விட்டுச் சேணம் பூட்டப் போகும்போது இன்னொரு ஸ்கேன் சேர்த்தார்கள். நல்ல முடிவு. முதல் ஸ்கேன் உள்ளே வந்தது எந்தக் குதிரை என்று சொல்லும். பந்தயத்துக்குப் போவது எந்தக் குதிரை என்பதற்கு ரெண்டாவதுதான் பதில்.

அதோடு தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2020 அக்டோபரில் நியூமார்க்கெட்டில் ஃபில்லீஸ் மைல் பந்தயம், பெட்டைக் குட்டிகளுக்கான பெரிய பந்தயம். அயர்லாந்துப் பயிற்சியாளர் எய்டன் ஓ'பிரையன் லாயத்திலிருந்து மதர் எர்த், ஸ்னோஃபால் என்று ரெண்டு குட்டிகள் ஓடின. ரெண்டும் அந்தப் பந்தயத்தில் ஓட வேண்டியவைதான், அதனால் ஸ்கேனில் ஒரு தப்பும் வர வாய்ப்பில்லை. ஆனால் மதர் எர்த்தின் எண் துணியை ஸ்னோஃபாலுக்கும் ஸ்னோஃபாலின் துணியை மதர் எர்த்துக்கும் போட்டுவிட்டார்கள், ஜாக்கிகளும் அப்படியே மாறி ஏறிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தது ஸ்னோஃபால் என்று அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. 4,000 பவுண்டு அபராதம். அடுத்த வருடம் மதர் எர்த் ஆயிரம் கினி பந்தயத்தை ஜெயித்தது, ஸ்னோஃபால் ஓக்ஸ் பந்தயத்தைப் பதினாறு குதிரை நீளத்தில் ஜெயித்தது. அப்பேர்ப்பட்ட ரெண்டு குதிரைகள், உலகத்திலேயே பெரிய லாயங்களில் ஒன்று, ஒரு துணியால் மாறிப்போயின.

ஆகவே என் கருத்து இது. ஸ்கேன் செய்யும் கையும் எண் துணியைப் போடும் கையும் ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில் இருக்க வேண்டும். எண்ணைப் படித்து, அதற்குரிய துணியை அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்து, அது முதுகில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த குதிரைக்குப் போக வேண்டும். நடுவில் பத்து அடி நடந்தாலும் அந்தப் பத்து அடியில் மாறலாம். இன்னொன்று, ஸ்கேனர் வந்துவிட்டது என்பதற்காகச் சுழியும் தழும்பும் பார்க்கத் தெரிந்த ஆட்களைக் குறைக்கக் கூடாது. சிப் சில நேரம் பேசாது. ஸ்கேனரில் சார்ஜ் இருக்காது. அப்போது அந்தப் படத்தாளை எடுத்துப் படிக்க ஒருவர் வேண்டும், படித்துவிட்டு நெற்றி முடியை ஒதுக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இதெல்லாம் பணம் கட்டுகிறவர்களுக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ரெண்டு வயதுக் குட்டியை வயது மூத்த குதிரைகளோடு தெரியாமல் இறக்கிவிட்டால் அதன் எலும்பு அதற்குத் தயாராக இருக்காது. ஒரு குதிரைக்குப் போட்ட மருந்து இன்னொன்றின் புத்தகத்தில் ஏறினால் அடுத்த முறை போடக் கூடாததைப் போட்டுவிடுவார்கள், போட வேண்டியதை விட்டுவிடுவார்கள். நான் செய்த தவறு அந்த வகை. அந்த ரெண்டு குதிரைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் நல்ல நேரம். குதிரை வாயைத் திறந்து நான் அது இல்லை என்று சொல்லப்போவதில்லை. லெபோன் என்ற பெயரில் ஓடிய சின்சானோவும் தன்னால் முடிந்த மட்டும் ஓடத்தான் செய்தது.

எங்கள் லாயத்தில் குதிரைக்காரர் ஒருவர் இருந்தார், எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஊசி சம்பவம் நடந்த மறுநாள் அவரிடம், ரெண்டையும் நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "இது தண்ணி குடிக்கறதுக்கு முன்னால மூக்கை உள்ள விட்டு ஊதும், அது ஊதாது" என்றார். முதல் நாள் மாலை குதிரைகளை இடம் மாற்றியதே அவர்தான். அவருக்குப் பலகை தேவைப்படாததால்தான் மாற்றாமல் விட்டிருக்கிறார்.

நான் எழுதிப் பழகிய அந்தப் பெட்டைக் குதிரை முதல்முறை ஓடிய அன்று அண்ணனோடு நானும் போனேன். சேணம் பூட்டும் இடத்தில் ஒரு பெண் அதிகாரி ஸ்கேனரோடு வந்தார். கழுத்தின் இடப்பக்கம் மெதுவாக ஒருமுறை இறக்கினார், சத்தம் வந்தது. கடைசி நாலு இலக்கத்தை அவர் வாய்விட்டுப் படிக்க, நான் புத்தகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஸ்கேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குதிரையின் நெற்றி முடியை ஒதுக்கி விரலை வைத்தார். கண் மட்டத்துக்கு மேலே ஒன்று. கொஞ்சம் கீழே, இடப்பக்கம் ஒதுங்கி இன்னொன்று. நான் கறுப்பு மையில் பெருக்கல் குறி போட்டுப் பழகிய அதே இடங்கள். அப்புறம்தான் திரும்பி, எண் துணியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.